கதைக்கு முன்னால் விளம்பரம்! – பட அதிபர் வாசன் ஆடிய சூதாட்டம்

இப்போது ஒரு படம் வருவதற்கு முன்பே அதன் 'டிரெய்லர்' வந்துவிடுகிறது. புதுச்சேரியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே செல்போனில் பார்த்துவிடலாம். ஒரு சண்டை, ஒரு நடனம், ஒரு துளிக் கண்ணீர். அவ்வளவுதான் காட்டுவார்கள். மீதியைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும்!

செல்போனும் டெலிவிஷனும் இல்லாத காலத்தில், இதே வித்தையை வெறும் காகிதத்தில் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் 'ஜெமினி' அதிபர் எஸ்.எஸ்.வாசன்.

தஞ்சைச் சீமையில் உள்ள திருத்துறைப்பூண்டி அவர் பிறந்த ஊர். இயற்பெயர் சீனிவாசன். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயார் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். கஷ்ட ஜீவனம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட வாசன், தபால் மூலம் சாமான் விற்கும் தொழிலில் இறங்கினார். பத்திரிகைகளுக்கு விளம்பரமும் பிடித்துக் கொடுத்தார்.

தபாலில் விற்பவர், வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது. பொருளைக் கையில் எடுத்துக் காட்டவும் முடியாது. நாலு வரி எழுத்துதான் அவருக்குத் துணை. அதைப் படித்ததும் ஆசை பிறக்க வேண்டும். வாசன் தொழில் கற்ற பள்ளிக்கூடம் இதுதான்.

1928-ல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 ரூபாய் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். குறுக்கெழுத்துப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார். விற்பனை ஏறியது. அவர் எழுதிய 'சதிலீலாவதி' கதை 1936-ல் படமாக வந்தது. எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம் அது. பிறகு வாசன் சொந்தமாக ஸ்டூடியோ வாங்கி, 'ஜெமினி' என்று பெயர் வைத்தார்.

பெயர் இருந்தது, கதை இல்லை!

'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' ஆகிய படங்கள் நன்றாக ஓடின. அடுத்த படம் 'சந்திரலேகா' என்று வாசன் தடபுடலாக விளம்பரம் செய்தார். அப்போது அவரிடம் கதையே இல்லை! வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கதையின் நாயகி பெயர்தான் சந்திரலேகா. அந்தப் பெயர் மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கதை இலாகாவினர் அதற்குப் பிறகு உட்கார்ந்து கதை கட்டினார்கள்.

விளம்பரம் பெரிதாகிவிட்டதே, படம் சிறிதாக இருக்கலாமா? பெரிதாகச் சொல்லி ஏமாற்றினால் ஜனங்கள் ஒரு தடவைதான் ஏமாறுவார்கள். வாசன் பணத்தைக் கொட்டினார். டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் நடித்தார்கள். சர்க்கஸ் வந்தது. கத்திச் சண்டை வந்தது. முரசு நடனத்துக்கு மட்டும் 400 பேர், ஆறு மாத ஒத்திகை! வருஷங்கள் ஓடின. கைப்பணம் கரைந்தது, கடன் ஏறியது. செலவு 30 லட்ச ரூபாயைத் தொட்டது. அந்தக் காலத்து 30 லட்சம்!

முரசுகளின்மேல் பெண்கள் ஆடுவார்கள். வில்லன் மயங்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். திடீரென்று முரசுகள் திறக்கும். உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் குதித்து வருவார்கள். டிரெய்லர் தயாரிப்பவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்கலாம். முரசைக் காட்டவேண்டும், உள்ளே இருப்பவனைக் காட்டக் கூடாது.

1948 ஏப்ரலில் படம் வெளிவந்தது. கூட்டம் அலைமோதியது. ஆனால், போட்ட பணம் தமிழில் மட்டும் திரும்பவில்லை. வேறொருவராக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருப்பார். வாசனோ மேலும் செலவு செய்தார்! காட்சிகளை மாற்றி, அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். 600-க்கும் அதிகமான பிரதிகள். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள். வடநாடே திரும்பிப் பார்த்தது. போன பணம் வந்தது. சென்னைப் பட அதிபர்களுக்கு இந்திப் பட உலகின் கதவும் திறந்தது.

1969 ஆகஸ்டு 26-ந் தேதி வாசன் காலமானார். 2004-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். சென்னையில் அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. அருகில் உள்ள மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஜனங்கள் இன்னும் 'ஜெமினி மேம்பாலம்' என்றுதான் சொல்கிறார்கள்.