போல்ட் கழற்றிக் கொடுத்தவர்

போன வருஷம் ஃபிட்டிங் பிராக்டிகல் பரீட்சை. பக்கத்து பெஞ்சு நண்பனின் ஹாக்ஸா பிளேடு பட்டென்று உடைந்தது. என் பெட்டியில் உபரி பிளேடு இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து வைஸைப் பார்த்தேன். முதல் மார்க்குக்கு எங்கள் இருவருக்கும்தான் போட்டி! அந்த வெட்கம் ஆறாமல் இருந்தபோதுதான் யூஜெனியோ மான்டியின் வாழ்க்கையைப் படித்தேன்.

2003-ல் மறைந்த இந்த இத்தாலியர், 1928-ல் மலையூரான டோப்பியாகோவில் பிறந்தவர். முதலில் பனிச்சறுக்கு வீரர். 1951-ல் விழுந்து முழங்கால்களில் தசைநார் கிழிந்ததும் அந்தக் கனவு போச்சு. அப்புறம் ஏறியதுதான் பாப்ஸ்லெட். பனிக்கட்டிக் கால்வாயில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டி அது. பயத்தை அடக்கத் தெரியாதவர் பக்கத்திலேயே போக முடியாது.

1956 ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி. 1960-ல் ஓடுபாதையே கட்டாததால் அந்தப் போட்டியே நடக்கவில்லை. 1964-ல் இன்ஸ்ப்ரூக் வந்தபோது வயது 36. கையில் உலகப் பட்டங்கள் எட்டு, ஒலிம்பிக் தங்கம் மட்டும் இல்லை. அந்த ஏக்கம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இருவர் போட்டியில் பிரிட்டனின் நாஷ், டிக்சன் ஜோடியின் வண்டியில் அச்சைப் பிடிக்கும் போல்ட் முறிந்துவிட்டது. ஷியர் ஃபெயிலியர்தான், நாம் படிப்பதே! மாற்று போல்ட் கிடையாது. மான்டி தன் ஓட்டத்தை முடித்ததும் தன் வண்டியின் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். பிரிட்டனுக்குத் தங்கம். வெள்ளி வாங்கியதும் வேறொரு இத்தாலிய ஜோடிதான், வித்தியாசம் 0.12 வினாடி. மான்டிக்கு வெண்கலம். நால்வர் போட்டியில் கனடா வண்டி பழுதானபோதும் இவருடைய மெக்கானிக்குகள் ஓடிப்போய் உதவினார்கள். அங்கே கனடாவுக்குத் தங்கம், இவருக்கு மறுபடியும் வெண்கலம்!

சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். பதற்றம், ஆசை எல்லாம் அவருக்கும் இருந்திருக்கும், மனுஷன்தானே. ஆனால் அது ஸ்பானர் பிடித்த கையைத் தடுக்கவில்லை. என் கையை ஒரு மார்க் தடுத்துவிட்டது. இதை அந்த நண்பனிடமே சொன்னேன். அவன் எப்பவோ மறந்துவிட்டானாம்.

1968 கிரனோபிள் ஒலிம்பிக். மான்டிக்கு வயது 40. நான்கு ஓட்டங்களையும் கூட்டினால் மேற்கு ஜெர்மனியின் ஃப்ளோத் வண்டியும் இவர் வண்டியும் ஒரே நேரம்: 4 நிமிடம் 41.54 வினாடி. அதிவேகமான ஒற்றை ஓட்டம் யாருடையது என்று பார்த்து மான்டிக்குத் தங்கம் கொடுத்தார்கள். நால்வர் போட்டியிலும் தங்கம் வாங்கிவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்கினார்.