கோதாவை அதிரவைத்த கிங் காங்

கிங் காங் என்றால் பழைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது குரங்குப் படமல்ல, தாடி வைத்த மல்யுத்த வீரர்தான்.

எமில் சாயா என்பது அவரின் இயற்பெயர். 1909இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். இந்தியாவில் புகழ்பெற்று, சிங்கப்பூர், மலாயா கோதாக்களிலும் இறங்கினார். எடை ஏறக்குறைய 400 பவுண்டு!

அவருடன் பலமுறை மோதியவர் தாரா சிங். சிங்கப்பூரில் டிரம் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பயின்றவர் அவர். அதனால் கைதட்டல் தாரா சிங்குக்கு. கிங் காங்கிற்கோ வசைதான். திட்டுவதற்காகவே டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு. அந்த வசையே அவருக்குப் பிழைப்பாகவும் இருந்தது.

1970 மே மாதம், கார் விபத்தில் அடைந்த காயங்களால் சிங்கப்பூரில் காலமானார். எங்கோ பிறந்த அந்த முரட்டு மனிதரின் கடைசி மூச்சு, அவரைத் திட்டித் திட்டியே ரசித்த மண்ணில் அடங்கியது.