லெனின் மனைவிக்கு வந்த தைராய்டு பிரச்னை: 1913-ல் குரூப்ஸ்கயா என்ன செய்தார்? இன்று நாம் என்ன செய்யலாம்?

1913 ஜூலை 23, புதன்கிழமை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 44 வயதுப் பெண் ஒருவருக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடக்கிறது. ஆளை முழுசாகத் தூங்க வைக்கும் மயக்க மருந்து தரப்படவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவர் விழித்தபடியே தாங்கிக்கொண்டார்.

அவர் நதேழ்தா குரூப்ஸ்கயா. லெனினின் மனைவி என்றுதான் நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் ஆசிரியர், கட்சியின் ரகசியக் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர், பின்னாளில் சோவியத் நாட்டின் கல்வித் துறையை நடத்தியவர்களில் ஒருவர் என்று அவருக்குத் தனிக் கதை உண்டு. அந்தக் கதையின் பாதிக்கு மேல் கூடவே வந்தது ஒரு தைராய்டு நோய்.

காரணமே இல்லாமல் உடம்பு கொதிப்பது, ராத்திரி வேர்த்துக் கொட்டி தலையணை நனைவது, படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது. இதெல்லாம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் இந்தக் கதை உங்களுக்கும்தான்.

யார் இந்த குரூப்ஸ்கயா?

1869-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரியாக இருந்து வேலை இழந்தவர். மகளுக்கு 14 வயதாகும்போது இறந்துவிட்டார். வீட்டில் பணக் கஷ்டம். இருபதுகளில் தொழிலாளர்களுக்கான ஞாயிறு மற்றும் மாலை நேரப் பள்ளியில் பாடம் எடுத்தார். 1894-ல் லெனினைச் சந்தித்தார், 1896-ல் கைதானார். நாடு கடத்தப்பட்டிருந்த லெனினுடன் சேர 1898-ல் சைபீரியாவுக்குப் போய், அங்கேயே திருமணம் செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு மியூனிக், லண்டன், ஜெனீவா, பாரிஸ் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த வாழ்க்கை. கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதுவது, சங்கேதக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது, பதில் போடுவது எல்லாம் அவர் வேலை. ஓய்வு என்பது அதிகம் கிடைக்கவில்லை.

என்ன ஆச்சு?

1912-ல் இருவரும் போலந்துப் பகுதியின் கிராகோவ் நகருக்கு வந்தார்கள். அங்கே அவர் உடம்பு மோசமானது. கண்கள் முன்னுக்குத் தள்ளின, கழுத்து வீங்கியது, இதயம் படபடத்தது. இந்த மூன்றும் லெனின் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலேயே வருகின்றன.

டாக்டர்கள் சொன்ன பெயர் பேசிடோவ் நோய். நாம் இன்று கிரேவ்ஸ் நோய் என்று சொல்வதும் இதைத்தான். 1835-ல் டப்ளின் டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸும், 1840-ல் ஜெர்மனியின் பேசிடோவும் தனித்தனியாக இதை விவரித்தார்கள். ஒரே நோய்க்கு இரண்டு பெயர் வந்தது அதனால்தான்.

உடம்பு ஏன் கொதிக்கிறது?

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவழிக்க வேண்டும் என்பதை இதன் ஹார்மோன்தான் முடிவு செய்கிறது.

கிரேவ்ஸ் நோயில் நம் நோய் எதிர்ப்பு சக்தியே தவறான ஒரு சிக்னலை அனுப்புகிறது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் சுரப்பி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு ஓடிக்கொண்டிருப்பது போலச் செலவழிக்கும். அந்தச் செலவில் வெப்பம் உருவாகிறது. வெப்பத்தை வெளியேற்ற தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, வியர்வை கொட்டுகிறது. ஏசி ஓடினாலும் சூடு அடங்காததற்குக் காரணம், சூடு உள்ளேயிருந்து வருகிறது.

குரூப்ஸ்கயாவுக்கு அப்போது 44 வயது. இன்றும் அந்த வயதில் ஒரு பெண் உடம்பு கொதிக்குது என்று சொன்னால், மாதவிடாய் நிற்கப்போகிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்பார்கள். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு பெரும்பாலும் அலை மாதிரி வந்து, முகத்திலும் மார்பிலும் பரவி, சில நிமிடங்களில் போய்விடும். தைராய்டு சூடு நாள் முழுக்க இருக்கும். கூடவே கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், உட்கார்ந்திருந்தாலும் நாடி வேகமாக ஓடும். சிலருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம் என்பதால் யூகிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்வதே சரி.

1913-ல் என்ன வழி இருந்தது?

ரொம்பக் குறைவு. தைராக்ஸின் ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுத்ததே 1914 டிசம்பரில்தான். அளந்து பார்க்க டெஸ்ட் இல்லை, சுரப்பியைக் கட்டுப்படுத்த மாத்திரை இல்லை.

கிராகோவில் மின்சார சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. மலைக்காற்று நல்லது என்றார்கள். 1913 மே மாதம் தத்ரா மலை அடிவாரத்தில் போரோனின் அருகே வீடு எடுத்தார்கள். கொதிக்கும் உடம்புக்குக் குளிர் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சுரப்பி வேலை செய்யும் வேகத்தை மலைக்காற்று குறைக்காது.

கடைசியில் முடிவானது ஆபரேஷன். பெர்னில் இருந்த தியோடர் கோகர், தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்றவர். சுரப்பி முழுவதையும் எடுத்தால் உடம்பும் மனசும் மந்தமாகிவிடும் என்பதை 1883-லேயே தன் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்துச் சொன்னவர். பெரிய டாக்டர் என்பதால் அவரைச் சம்மதிக்க வைக்கவே லெனின் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. பெர்னில் வாரக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் ஆபரேஷன் நடந்தது.

ஆபரேஷனுக்கு அடுத்த நாள்

வியாழக்கிழமை அவருக்குக் கடும் காய்ச்சல். நினைவு தடுமாறிப் பிதற்றினார். லெனின் நிஜமாகவே பயந்துபோனார். வெள்ளிக்கிழமைதான் நிலைமை தெளிந்தது. அந்த நாட்களில் லெனின் பாதி நாள் மருத்துவமனையிலும் மீதி நேரம் நூலகத்திலும் இருந்தார். தைராய்டு பற்றிய மருத்துவப் புத்தகங்களைக்கூட எடுத்துப் படித்தார்.

இன்று தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் காய்ச்சலும் பிதற்றலும் வந்தால் டாக்டர்கள் முதலில் யோசிப்பது தைராய்டு புயல் எனப்படும் அவசர நிலையை. ஹார்மோன் கட்டுக்குள் இல்லாதபோது சுரப்பியில் கை வைத்தால் இது வரக்கூடும். அதனால்தான் இப்போது மாத்திரை கொடுத்து ஹார்மோனைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஆபரேஷன் செய்கிறார்கள்.

அதோடு முடிந்ததா?

இல்லை. இரண்டு வாரம் மலையில் ஓய்வெடுக்கச் சொன்னார் கோகர். கட்சி வேலை அழைத்தது, ஆகஸ்ட்டிலேயே போரோனின் திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு உலகப் போர் தொடங்கியது. லெனின் உளவாளி என்ற சந்தேகத்தில் கைதானார். அவரை வெளியே கொண்டுவர அலைந்தவர் குரூப்ஸ்கயா.

1915 மார்ச்சில், ஊர் ஊராகக் கூடவே வந்த அம்மா பெர்னில் இறந்தார். அதற்குப் பிறகு நோய் திரும்பவும் தலைகாட்டியது. அந்தக் கோடையைச் சோரன்பர்க் என்ற மலைக் கிராமத்தில் கழித்தார்கள். மன அழுத்தமும் தூக்கமின்மையும் கிரேவ்ஸ் நோயைக் கிளப்பிவிடலாம் என்பதை இன்றைய டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

புரட்சிக்குப் பிறகும் உடம்பு அவரை விடவில்லை. மாஸ்கோவுக்கு வெளியே ஒரு குழந்தைகள் வனப்பள்ளியில் தங்கி ஓய்வெடுத்தார். 1919 ஜனவரியில் அவரைப் பார்க்கக் கிளம்பிய லெனினை வழியில் கொள்ளையர்கள் மறித்து காரைப் பறித்தார்கள். அதே ஆண்டு கோடையில் குரூப்ஸ்கயா பிரசாரக் கப்பலில் வோல்கா நதியில் போய்க்கொண்டிருந்தார்!

1924-ல் லெனின் இறந்தார். 1929 முதல் கல்வித் துறையின் துணை ஆணையராகப் பணியாற்றினார். எழுத்தறிவு, நூலகங்கள் என்று உழைத்தார். 1939 பிப்ரவரி 27, தன் 70-வது பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தார். காரணம் தைராய்டு இல்லை, குடல்வால் அழற்சி. ஆபரேஷனுக்குப் பிறகு 25 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்.

இன்று நம் கையில் என்ன இருக்கிறது?

* டெஸ்ட்: டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4. ஒரு ரத்த மாதிரி போதும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லி, இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். ரிசல்ட்டைக் குழப்பிவிடும்.
* மருந்து: கார்பிமசோல் போன்றவை ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும். சூடும் வியர்வையும் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பு, நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.
* உஷார்: கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அரிதாக வெள்ளை அணுக்கள் குறையலாம்.
* ராத்திரிக்கு: பருத்தி உடை, பருத்தி விரிப்பு, மாற்று உடை, பக்கத்தில் தண்ணீர். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். இதெல்லாம் இதம் தரும், ஆனால் மருந்துக்கு மாற்று இல்லை.
* புகை: கிரேவ்ஸ் நோயில் கண் பாதிப்பை இது மோசமாக்கும். விட்டுவிடுங்கள்.
* தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள்: உங்களுக்கும் சூடும் வியர்வையும் வந்தால் தைராக்ஸின் அளவு கூடியிருக்கலாம். நீங்களாகக் குறைக்காமல் டெஸ்ட் எடுத்துக் கேளுங்கள்.
* தைராய்டு நார்மல், ஆனாலும் ராத்திரி வேர்க்கிறதா? கூடவே வாரக்கணக்கில் இருமல், எடைக் குறைவு இருந்தால் காசநோய் பரிசோதனையும் அவசியம்.
* கடும் காய்ச்சல், குழப்பம், தறிகெட்ட இதயத் துடிப்பு: இது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான விஷயம். காலை வரை காத்திருக்காதீர்கள்.

குரூப்ஸ்கயாவுக்கு மின்சாரம், மலைக்காற்று, கத்தி என்ற மூன்றுதான் இருந்தன. நமக்கு ஒரு ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைக்கும். உடம்புச் சூடுதானே என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே அதை எடுத்துவிடுங்கள்.