ஓட்டை போட்டு எண்ணியவர்!

1880-ம் ஆண்டு அமெரிக்காவில் மக்கள் தொகை கணக்கு எடுத்தார்கள். விவரங்களைக் கையால் கூட்டி முடிக்க 7 ஆண்டுக்கு மேல் ஆயிற்று! 10 ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு எடுக்க வேண்டும். மக்களோ பெருகிக்கொண்டே போனார்கள். பழைய கணக்கு முடியும் முன் புதிய கணக்கு வந்து நிற்குமோ என்ற நிலை.

அந்த வேலையில் இருந்தார், ஹெர்மன் ஹாலரித் என்ற இளைஞர். 1860-ல் பப்பலோ நகரில் பிறந்தவர். சுரங்க என்ஜினீயரிங் படித்தவர்.

பின்னர் ஒரு முறை ரெயிலில் போனார். பயணிகளின் முடி நிறம், மூக்கின் அமைப்பு ஆகியவற்றைக் குறிக்க, கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போட்டார். ஹாலரித்துக்கு வழி பிறந்தது!

ஆளுக்கு ஓர் அட்டை. ஆணா, பெண்ணா, வயது, தொழில் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஓட்டை. அட்டையை எந்திரத்தில் வைத்து அழுத்தினால், ஊசி ஓட்டை வழியே இறங்கிப் பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும். கணக்கு முள் ஓர் எண் நகரும்.

ஓட்டை போடுவது ஒரே முறை. அதே அட்டைகளைப் பல கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப எண்ணலாம்!

1890-ல் 6 கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கை அவருடைய எந்திரங்கள் எண்ணின. மொத்தத் தொகை சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது.

1896-ல் அவர் தொடங்கிய கம்பெனி, மற்ற கம்பெனிகளுடன் சேர்ந்து, 1924-ல் ஐ.பி.எம். ஆயிற்று. ஹாலரித் 1929-ல் காலமானார்.

இன்று கம்ப்யூட்டரில் விவரங்களைச் சேர்த்து வைப்பவர்களுக்கும் அவர் காட்டிய வழிதான். ஒழுங்காக ஒரு முறை பதிவு செய்தால், வேண்டிய கேள்விக்கெல்லாம் பதில் கிடைக்கும்.