கண் சிமிட்டும் விண்மீன்

குழந்தைகளே, ஜான் குட்ரிக் என்பவரை உங்களுக்குத் தெரியுமா? அவர் 1764இல் நெதர்லாந்தில் பிறந்தார். அவருடைய குடும்பம் இங்கிலாந்துக் குடும்பம். சின்ன வயதிலேயே அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. எடின்பரோவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தார். பிறகு யார்க் நகரத்துக்கு வந்தார்.

அங்கே அவருக்கு எட்வர்ட் பிகாட் என்ற நண்பர் கிடைத்தார். இரண்டு பேரும் இரவு இரவாக வானத்தைப் பார்ப்பார்கள். மேகம் வந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்!

1782 நவம்பர் மாதம். ஜானுக்கு 18 வயது. அல்கோல் என்ற விண்மீன் எப்போதும் நன்றாகப் பிரகாசிக்கும். அன்றைக்கு அது மங்கலாக இருந்தது. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை, வெளிச்சம் குறைந்திருந்தது!

ஜான் விடவில்லை. பல மாதங்கள் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தார். 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒரு தடவை அல்கோல் மங்குகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைய கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். கணினி இல்லாத காலத்தில் இது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஏன் மங்குகிறது? விளக்குக்கு முன்னால் உங்கள் தம்பி நடந்து போனால் வெளிச்சம் குறையும், இல்லையா? அதே மாதிரி, ஏதோ ஒன்று அல்கோலைச் சுற்றி வந்து அதை மறைக்கலாம் என்று ஜான் எழுதினார். 1783இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

ஆனால் வில்லியம் ஹெர்ஷல் பெரிய தொலைநோக்கியில் பார்த்தபோது ஒரே ஒரு விண்மீன்தான் தெரிந்தது. ஜானுக்கே சந்தேகம் வந்துவிட்டது. விண்மீனின் மேல் கரும்புள்ளிகள் இருக்குமோ என்று யோசித்தார். பதில் தெரிவதற்கு முன்பே, 1786இல் இறந்துவிட்டார். வயது 21தான்.

நூறு வருஷம் கழித்து, 1889இல், ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் அல்கோலின் ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்துப் பார்த்தார். அது நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும் தெரிந்தது. ஜான் முதலில் சொன்னதுதான் சரி!

அல்கோலில் பிரகாசமான விண்மீனும் மங்கலான விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது முன்னால் வரும்போது நமக்கு வெளிச்சம் குறைகிறது. சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இவை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. நாமோ சுமார் 90 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். பாவம் ஹெர்ஷல், அவருடைய தொலைநோக்கியில் இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்!