கடையத்தில் பாரதியார் போட்ட கணக்கு

நெல்லைச் சீமையிலே, தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது கடையம். இன்று அது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்தது அங்கேதான்.

1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், மனைவி மக்களோடு கடையம் வந்து சேர்ந்தார். கையில் காசு இல்லை. எழுதுவதைப் போலீஸ் அதிகாரிக்குக் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுக்கலாம் என்று கட்டுப்பாடு வேறு. மாமனார் ஊரில் வறுமையோடு வாழ்வது எந்த மனிதருக்குமே சங்கடந்தான்.

அந்த நிலையில்தான் அவர் ஒரு பெரிய கணக்குப் போட்டார்.

புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் கடையத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றை 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிப்பது. மொத்தம் 4 லட்சம் புத்தகங்கள்! முதல் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். தலைக்கு 100 ரூபாய் கடன் கொடுங்கள், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி தருகிறேன் என்று 1920 ஜூனில் நண்பர்களுக்கு எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீட்டுக்கு வீடு விலையாவது போலத் தம் புத்தகங்களும் விலையாகும் என்று நம்பினார்.

நாட்டில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கே எழுத்து தெரிந்த காலம் அது. அந்தக் காலத்தில் 4 லட்சம் புத்தகம் என்றால் கேட்பவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் பாரதியார் வெறுங்கனவு காணவில்லை. அவர் பாட்டு ஆயிரக்கணக்கில் மக்கள் கைக்குப் போனது முன்பே நடந்திருந்தது.

1907ஆம் ஆண்டு. சென்னையில் புத்தக வெளியீட்டாளர் ஜி.ஏ. நடேசன், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் பாரதியாரை அழைத்துச் சென்றார். ஐயர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதி. பத்திரிகையில் மிதவாதிகளைக் காய்ச்சி எடுத்தவர். இருந்தும் பாட்டைக் கேட்டதும் ஐயர் உருகிவிட்டார். தம் செலவிலேயே 15,000 பிரதிகள் அச்சடித்து இனாமாக வழங்கச் செய்தார். நாலே பக்கம், ஆனாலும் அது பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் போயிற்று. கட்சி வேறு, தமிழ் வேறு என்று நினைத்த அந்த மனம் லேசானதல்ல.

1917இல் பரலி சு. நெல்லையப்பர் பாப்பாப் பாட்டைச் சிறு நூலாக வெளியிட்டார். இவரும் நெல்லைச் சீமைக்காரர். பாரதியார் தம்பி என்று கொண்டாடியவர்.

கடையத்துக் கணக்கு மட்டும் பலிக்கவில்லை. கடன் கேட்ட பணம் திரளவில்லை. 1920 கடைசியில் பாரதியார் சென்னைக்குப் போய், மீண்டும் சுதேசமித்திரனில் வேலைக்கு அமர்ந்தார். 1921 செப்டம்பரில், 39 வயது நிறையுமுன்பே காலமானார்.

பிறகு செல்லம்மாள் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் புத்தகங்களை வெளியிட முயன்றார். வெகுகாலம் நடத்த முடியவில்லை. உரிமை கைமாறியது. ஒரு கட்டத்தில் நூல்கள் ஒருவரிடம், இசைத்தட்டு, சினிமா உரிமை இன்னொருவரிடம் என்றாகிவிட்டது. பாரதி பாட்டைப் பாடவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று மக்கள் கொதித்தார்கள்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த சமயம் அது. பாட்டுரிமையை வைத்திருந்த பட முதலாளி ஏவி. மெய்யப்பச் செட்டியார், காசு வாங்காமலே அதை விட்டுக் கொடுத்தார். வியாபாரிக்கு அது கைமுதல் அல்லவா? 1949இல் சென்னை அரசு நூலுரிமையையும் எடுத்துக் கொண்டது. 1955இல் பாரதி நூல்கள் பொதுச் சொத்தாயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், எந்த விலைக்கும் கொடுக்கலாம், இனாமாகவும் கொடுக்கலாம்.

மலிவுப் பதிப்புகள் வரத் தொடங்கின. செல்லம்மாள் கண்மூடியதும் அதே 1955ஆம் ஆண்டில்தான்.