கரி படிந்த பையன்களும் ஒரு சர்ஜனும்

2022 ஏப்ரல் கடைசியில பெருங்குடி குப்பைக் கிடங்கு பத்தி எரிஞ்சது ஞாபகம் இருக்கா? பெரும்பாக்கம் பக்கம் இருக்கிற நமக்குக் குப்பை எரியுற வாடை புதுசில்ல. அந்தப் புகையில எத்தனையோ வேதிப்பொருள். எது அதிக ஆபத்து, எது கம்மி? இந்தக் கணக்குக்கு முதல் புள்ளி வைத்தவர் லண்டன் சர்ஜன் பெர்சிவால் பாட். மெடிக்கல் படிக்கிற நண்பர்களைக் கேளுங்க, முதுகெலும்பு காசநோய்க்கு இன்னைக்கும் அவர் பேர்தான்.

1714-ல் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். எட்வர்ட் நோர்ஸ் என்ற சர்ஜனிடம் தொழில் கற்று, செயின்ட் பார்த்தலோமியோ மருத்துவமனையில் சர்ஜன் ஆனார். 1756-ல் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அந்தக் காலத்துல அப்படிப்பட்ட முறிவுக்குக் காலை வெட்டிடுவாங்க. தெருவில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் தன்னை வீட்டுக்குத் தூக்கிப்போகச் சொன்னார். வெட்டுறதுக்கு எல்லாம் தயாரான நேரத்தில் குருநாதர் நோர்ஸ் வந்து காலைக் காப்பாற்றினார். படுக்கையில் கிடந்த நாட்களில்தான் பாட் தீவிரமாக எழுத ஆரம்பித்தார்.

1775-ல் எழுதியதுதான் நமக்கு முக்கியம். லண்டனில் புகைபோக்கிக்குள் கரி சுரண்ட ஏழைப் பையன்களை ஏற்றிவிடுவார்கள். உடம்பெல்லாம் புகைக்கரி, குளியல் அபூர்வம். வளர்ந்தபின் விதைப்பையில் புற்றுநோய். அந்தத் தொழிலில் இருந்தவங்க அதைக் கரி மருன்னே சொன்னாங்க. டாக்டர்களோ பால்வினை நோய்னு நினைச்சு பாதரசம் கொடுத்தாங்க. காரணம் கரிதான் என்று பாட் எழுதினார்.

1788 டிசம்பரில் இறந்தார். அதே வருஷம், 8 வயசுக்குக் கீழே உள்ளவர்களை இந்த வேலையில் சேர்க்கக்கூடாதுன்னு சட்டம் வந்தது. ஆனா ஒழுங்கா அமலாகல.

கரிக்குள்ள குற்றவாளி யார்? 1933-ல் லண்டனில் கென்னவே குழுவினர் 2 டன் நிலக்கரித் தார்க் கசடிலிருந்து பென்சோ-ஏ-பைரீனைப் பிரித்தெடுத்தனர். அந்தக் குடும்பத்துச் சேர்மங்களுக்கு இன்று அதுதான் அளவுகோல்: அதன் மதிப்பு 1, பென்ஸ்-ஏ-ஆந்த்ரசீனுக்கு 0.1. ஒவ்வொன்றின் அளவையும் அதன் மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் தோராயமான மொத்தம் கிடைக்கும். வீரியம் குறைந்ததும் அளவு கூடினால் மொத்தத்தை ஏத்திடும்.

ஆனா பாட் கவனிச்சது கரியை மட்டும் இல்ல. கரி எல்லா வீட்டு அடுப்பிலும் இருந்தது. இந்த நோய் வந்தது அதில் ஊறிய பையன்களுக்கு. கிடங்குப் புகையை எப்பவாவது சுவாசிக்கிற நமக்கும், தினமும் அங்கேயே குப்பை பொறுக்குறவங்களுக்கும் ஒரே பொருள்தான். ஆபத்து ஒண்ணு இல்ல.